பெரியவர் சொல்லும் சான்றுதான்

ஆப்பிரிக்க வரலாற்றில் முனைவர் பட்டம் பெற விரும்பிய நைஜீரிய மாணவர், 1940-களில் லண்டனுக்குத்தான் கப்பலேற வேண்டியிருந்தது. பட்டமும் அங்கே, ஆவணங்களில் பெரும்பகுதியும் அங்கே. அவற்றை எழுதியவர்களோ ஐரோப்பிய அதிகாரிகள், பாதிரியார்கள், வணிகர்கள். எழுத்தில் இல்லாததை வரலாறாக ஏற்கப் பேராசிரியர்கள் பலர் தயாராக இல்லை.

நைஜீரிய வரலாற்றாளர் கென்னத் ஒன்வுகா டிகே இந்த நிலையை மாற்றத் தொடங்கினார். நைஜர் கழிமுக வணிகத்தை ஆராய்ந்து 1950-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் முனைவரானார். 1956-இல் நூலான அந்த ஆய்வில் கழிமுக அரசர்களும் வணிகர்களும் வெள்ளையரின் கதையில் துணைப் பாத்திரங்கள் அல்லர். தம் நலன் அறிந்து பேரம் பேசியவர்கள். பிரிட்டிஷ் கோப்புகளோடு ஊரார் வாய்மொழியையும் டிகே சான்றாகக் கொண்டார்.

நாடு திரும்பியவர் நூல் எழுதுவதோடு நிற்கவில்லை. அரசு அலுவலகங்களில் கவனிப்பாரற்றுக் கிடந்த பழைய கோப்புகளைத் தேடிக் கணக்கெடுத்தார். அந்த உழைப்பில்தான் 1954-இல் நைஜீரிய ஆவணக் காப்பகம் உருவானது. மறு ஆண்டு நைஜீரிய வரலாற்றுக் கழகம் பிறந்தது. 1948-இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கிய இபாதான் கல்லூரி, 1962-இல் தனிப் பல்கலைக்கழகமானபோது டிகேதான் துணைவேந்தர். இனி மாணவர் உள்ளூரிலேயே மூல ஆவணத்தைப் புரட்டலாம், உள்ளூர் ஆசிரியரின் வழிகாட்டலிலேயே ஆய்வேட்டை எழுதலாம்.

வாய்மொழிக்கும் ஒழுங்கான முறை வேண்டியிருந்தது. காங்கோவின் குபா மக்களிடையே களப்பணி செய்த பெல்ஜிய அறிஞர் யான் வான்சினா, 1961-இல் அதற்கென்றே ஒரு நூல் எழுதினார்: சொல்பவர் யார், யாரிடம் கேட்டார், அப்படிச் சொல்வதால் யாருக்கு ஆதாயம், இன்னொருவர் சொல்வதோடு ஒத்துப்போகிறதா? அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அவரும் வரலாற்றாளர் பிலிப் கர்ட்டினும் ஒரு தலைமுறை ஆய்வாளர்களையே பயிற்றுவித்தார்கள்.

கென்யாவின் பெத்வெல் ஓகோட், லுவோ குலங்களின் முதியவர்களிடம் வம்சாவளி கேட்டுச் சேர்த்தார். தலைமுறைகளை எண்ணி, இடப்பெயர்வுகளுக்குக் காலம் கணித்தார். இதை வைத்து லண்டனில் அவர் எழுதிய ஆய்வேடு 1967-இல் நூலாக வந்தது.

பின்னர் யுனெஸ்கோ எட்டுத் தொகுதிகளாக ஆப்பிரிக்கப் பொது வரலாற்றை வெளியிட்டபோது ஐந்தாம் தொகுதியின் பதிப்பாசிரியர் ஓகோட். ஆறாம் தொகுதிக்கு இபாதானின் வரலாற்றாளர் அஜாயி. முன்பு லண்டனில் மாணவர்களாக இருந்த இருவரும் இப்போது கண்டத்தின் வரலாற்றுக்கே பொறுப்பேற்றார்கள்.