நின்ற படம் நகர்ந்த கதை

கல்யாண வீடியோவில் பார்த்திருப்பீர்கள். மணமக்களின் சின்ன வயசுப் போட்டோ திரையில் வரும், சும்மா நிற்காது. மெதுவாக முகத்தை நோக்கிப் போகும், அல்லது ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஊர்ந்து நகரும். கண்ணீர் அஞ்சலி வீடியோவிலும் இதேதான், பாட்டு மட்டும் வேறு. கிட்டப் போவது ஜூம், பக்கவாட்டில் ஊர்வது பேன். (தமிழில் எழுதினால் தலையில் ஊர்வதும் ஞாபகத்துக்கு வருகிறது. என்ன செய்ய, ரெண்டுமே ஊர்வதுதான்.)

எடிட்டிங் மென்பொருள் பலவற்றில் இந்த வித்தைக்கு ஓர் ஆளின் பெயரே இருக்கிறது: கென் பர்ன்ஸ் எஃபெக்ட். பர்ன்ஸ் அமெரிக்க ஆவணப்பட இயக்குநர். 2002இன் கடைசியில் ஸ்டீவ் ஜாப்ஸ் அவரைக் கூப்பிட்டு, ஆப்பிள் பொறியாளர்கள் செய்து வைத்திருந்த ஒரு வசதியைக் காட்டினார். உள்ளுக்குள் அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் இதுதான், அதையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். விளம்பரங்களுக்குப் பெயர் கொடுப்பதில்லை என்று முதலில் மறுத்த பர்ன்ஸ், பேச்சின் முடிவில் சம்மதித்தார். பதிலுக்கு வந்த கணினிகளை லாப நோக்கில்லாத அமைப்புகளுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். 2003 ஜனவரியில் ஐமூவி 3 வந்தது. அதோடு அந்தப் பெயரும் உலகம் சுற்றக் கிளம்பியது.

ஆனால் இதைக் கண்டுபிடித்தவர் பர்ன்ஸ் இல்லை. அவரே அப்படிச் சொல்லிக்கொண்டதும் இல்லை. கேட்டால் 1957இல் வந்த ஒரு கனடியப் படத்தைக் கைகாட்டுவார்: 'சிட்டி ஆஃப் கோல்ட்'. 22 நிமிஷப் படம். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக கோலின் லோவும் வுல்ஃப் கோனிக்கும் இயக்கியது. 1890களின் கடைசியில் க்ளாண்டைக் பகுதியில் தங்கம் கிடைத்தது என்று கேள்விப்பட்டுப் பல்லாயிரம் பேர் வடக்கே ஓடினார்களே, அப்போது முளைத்த டாசன் நகரத்தின் கதை. பின்னணிக் குரல் பியர் பெர்ட்டனுடையது. அவர் டாசனிலேயே வளர்ந்தவர். அவருடைய அப்பா 1898இல் தங்கம் தேடி அங்கே போய்ச் சேர்ந்தவர்.

இயக்குநர்களின் கையில் இருந்தவை கண்ணாடித் தகட்டு நெகட்டிவ்கள். சில்கூட் கணவாயின் பனிச் சரிவில் எறும்பு வரிசை மாதிரி மனிதர்கள் ஏறும் படம் அந்த ஓட்டத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ஒவ்வொருவர் முதுகிலும் மூட்டை. கிட்டத்தட்ட ஒரு டன் உணவும் சாமானும் கையில் இல்லாவிட்டால் கனடியப் போலீஸ் எல்லையைத் தாண்ட விடாது. ஆகவே ஒரே ஆள் அதே சரிவில் திரும்பத் திரும்ப ஏற வேண்டும். படத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு கறுப்புக் கோடு. கிட்டப் போனால்தான் அது மனிதர்கள் என்று தெரியும். இந்தக் 'கிட்டப் போவதை' எப்படிச் செய்வது?

அசையாத படத்தை மேசையில் வைத்து மேலிருந்து கேமராவை இறக்குவது அனிமேஷன்காரர்களுக்குப் பழகிய வேலை. ஆனால் அது இயந்திரம் நகர்கிற மாதிரியே இருக்கும், ஒருவர் பார்க்கிற மாதிரி இருக்காது. வாரியத்தில் இருந்த ரோமன் க்ரோய்ட்டர் ஒரு கருவியை உருவாக்கினார். கேமராவின் ஒவ்வொரு நுண்ணிய நகர்வையும் முன்கூட்டியே வகுத்துக்கொள்ள அது உதவியது. கையில் கேமராவோடு ஒருவர் அந்தத் தெருவில் நின்று திரும்பிப் பார்த்தால் எப்படித் தயங்கி, வேகம் பிடித்து, நிதானிப்பாரோ, அந்த லயம் புகைப்படத்தின் மேல் வந்தது. படம் அது எடுக்கப்பட்ட காலத்து டாசனில் தொடங்குகிறது, வெயிலில் உட்கார்ந்திருக்கும் கிழவர்கள், பந்து விளையாடும் பையன்கள் என்று. அங்கிருந்து பழைய புகைப்படங்களுக்குள் நழுவும்போது தையல் தெரியாது. முதல் தடவை பார்த்தபோது அந்த இடத்தில் நான் நிறுத்திப் பின்னால் ஓட்டிப் பார்த்தேன்.

இதற்கு முன்னாலும் முயற்சிகள் உண்டு. அலென் ரெனே 1948இல் வான்காவின் ஓவியங்களுக்குள் மட்டுமே கேமராவை உலவவிட்டு ஒரு குறும்படம் எடுத்தார், அதுவும் கறுப்பு வெள்ளையில். வான்காவை வண்ணம் இல்லாமல் காட்டத் துணிச்சல் வேண்டும். ஆஸ்கரும் வாங்கியது. ஆனால் ஓவியத்தில் இருக்கிற ஆள் வரைந்தவருடைய ஆள். புகைப்படத்தில் இருப்பவர் ஒருநாள் அங்கே நின்றவர். க்ரோய்ட்டரின் கருவி முக்கியமாவது இந்த வித்தியாசத்தால்தான் என்று நினைக்கிறேன்.

பர்ன்ஸுக்கு இது அலங்காரமாக இல்லை, தேவையாக இருந்தது. அவருடைய 'தி சிவில் வார்' 1990 செப்டம்பரில் ஐந்து இரவுகள் தொடர்ந்து ஒளிபரப்பானது, பதினோரு மணி நேரத்துக்கு மேல். அந்தப் போர் நடந்த 1861–65இல் சினிமாவே கிடையாது. புகைப்படமும் ஈரத்தகட்டு முறை. கண்ணாடியில் ரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, காய்வதற்குள் கழுவ வேண்டும். இருட்டறை வண்டியோடு போர்க்களத்துக்குப் போனார்கள். ஒரு படத்துக்குச் சில வினாடிகள் ஆகும், அசைந்தால் புகைமூட்டம். அதனால் சண்டையின் படம் அநேகமாக இல்லை. சண்டைக்கு முன்னால் விறைப்பாக நின்ற சிப்பாய்கள் இருக்கிறார்கள், சண்டைக்குப் பின்னால் கிடந்தவர்கள் இருக்கிறார்கள். அசையாமல் இருக்க அவர்களால்தானே முடியும்.

1862 செப்டம்பர் 17, ஆன்டீட்டம். ஒரே நாளில் செத்தவர், காயமடைந்தவர், காணாமல் போனவர் எல்லாம் சேர்த்து 22,000க்கு மேல். அலெக்ஸாண்டர் கார்ட்னர் அங்கே எடுத்த படங்களை அடுத்த மாதமே நியூயார்க்கில் மேத்யூ பிராடியின் கூடத்தில் காட்சிக்கு வைத்தார்கள். இப்படிப்பட்ட படங்களைத்தான் பர்ன்ஸ் ஒரு முழுக் காட்சியைப் போல நடத்தினார். ஒரே புகைப்படத்திலிருந்து தூரக் காட்சி, நடுக் காட்சி, நெருக்கக் காட்சி. கூடவே குதிரைக் குளம்பு, தூரத்துப் பீரங்கி என்று சத்தம்.

இங்கேதான் எனக்கு ஒரு உறுத்தல். 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க் போருக்குப் பிறகு கார்ட்னர் குழு எடுத்த புகழ்பெற்ற படம் ஒன்று உண்டு. பாறைகளுக்கு நடுவே செத்துக் கிடக்கும் இளைஞன், சாய்த்து வைத்த துப்பாக்கி. மறைந்திருந்து சுட்டவன் என்று கார்ட்னர் குறிப்பு எழுதினார். அது அப்படி இல்லை என்பதை வில்லியம் ஃப்ராஸனிட்டோ 1975இல் வந்த தன் புத்தகத்தில் விவரமாகக் காட்டினார். அதே உடல் வேறோரு இடத்தில் கிடப்பது அந்தக் குழுவின் மற்றப் படங்களிலேயே இருக்கிறது. அங்கிருந்து தூக்கி வந்து பாறைக்கு நடுவில் கிடத்தியிருக்கிறார்கள்.

இப்போது யோசியுங்கள். முகத்தில் தொடங்கி மெதுவாகத் துப்பாக்கியில் போய் நின்றால், ஒரு வார்த்தை பேசாமலே கார்ட்னரின் பொய்யை நாமும் சொல்லிவிடுகிறோம். எங்கே தொடங்குகிறோம், எங்கே நிற்கிறோம் என்பதே ஒரு வாக்கியம். சில சமயம் அசையாமல் ரெண்டு படத்தையும் பக்கத்தில் வைப்பதுதான் நேர்மை.

மென்பொருளில் இது ரெண்டு பெட்டிகள்: தொடக்கம், முடிவு. நாம் வரையாவிட்டால் அதுவே வரைந்துகொள்ளும். முகத்தைக் கண்டுபிடித்து அதை நோக்கிப் போகும், அல்லது சும்மா நடுவுக்கு. க்ரோய்ட்டர் மெனக்கெட்ட தயக்கமும் நிதானமும் பெரும்பாலும் போய்விடும். அளவை 100லிருந்து 200க்குப் பத்து வினாடியில் சீராக ஏற்றினால், முதல் வினாடியில் படம் பத்து சதவீதம் வளரும், கடைசி வினாடியில் ஐந்துதான். அதாவது கணக்கு சீர், கண்ணுக்குச் சீர் இல்லை. பின்வாங்கும் ஜூம் கடைசியில் அவசரப்படுவது இதனால்தான்.

நான் இந்த மாதிரி அஞ்சலி வீடியோக்கள் செய்து கொடுப்பதுண்டு. போன வருஷம் ஒருவர் தாத்தாவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்தார். ஒரு குடும்பப் போட்டோ. நடுவில் நாற்காலியில் தாத்தா, சுற்றிலும் எல்லோரும். வழக்கம்போலத் தாத்தா முகத்துக்குப் போகிற மாதிரி வைத்திருந்தேன். "அண்ணே, அந்த ஓரத்துல பாதி வெட்டுப்பட்டு நிக்குறாங்கல்ல, எங்க அத்தை. கடைசி வரைக்கும் தாத்தாவப் பாத்துக்கிட்டது அவங்கதான். அவங்ககிட்ட ஆரம்பிச்சுத் தாத்தாகிட்ட வர முடியுமா?" என்றார்.

போனில் எடுத்து அனுப்பியிருந்த படத்தில் அத்தையின் முகம் வெறும் புள்ளிகளாக உடைந்தது. அசல் பிரிண்டைக் கொண்டுவரச் சொன்னேன். ஆறு அங்குல அகலம். 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் குறுக்கே 7200 பிக்சல். 1920 அகலத் திரைக்கு மூணு மடங்குக்கு மேல் நெருங்கலாம். அத்தையிடம் நாலு வினாடி நின்றுவிட்டு, அவர் பார்க்கிற திசையிலேயே நகர்ந்தேன். அவர் கேமராவைப் பார்க்கவில்லை, தாத்தாவின் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.