கசப்பு போகும்வரை கழுவு

எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் 1862இல் எகிப்தின் லக்சரில் விலைக்கு வாங்கிய பாப்பிரஸ் சுருள், அறுவை மருத்துவ நூலாகவே பெயர் பெற்றது. ஏறத்தாழ கி.மு. 1600இல் எழுதப்பட்ட அதன் பின்பக்கத்தில், கிழவரை இளைஞராக்கும் பூச்சுக்கான செய்முறையும் இருக்கிறது. ஒருவகைக் காயை வெயிலில் உலர்த்தி, தோல் நீக்கிப் புடைத்து, வேகவைத்து, ஆற்றில் கழுவ வேண்டும். கழுவிய நீரை நாவில் வைத்தால் கசப்பு துளியும் தெரியக்கூடாது. பிறகு மீண்டும் உலர்த்தி, அரைத்து, காய்ச்சி, மிதக்கும் எண்ணெயை வழித்தெடுக்க வேண்டும். அந்தக் காய் கசப்பு வாதுமை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. வெந்தயம் என்போரும் உண்டு. வாதுமை என்றால், அந்தக் கசப்பு சயனைடைப் பிறப்பிக்கும் அமிக்டலின். சுருக்கம் போனதோ இல்லையோ, நஞ்சு போயிற்றா என்று பார்க்கும் படி செய்முறைக்குள்ளேயே வைக்கப்பட்டிருந்தது. இன்று வீட்டில் செய்யும் முகச் சீரத்தின் தகுதியையும் இந்தப் படியை வைத்தே எடைபோட வேண்டும் என்பேன். கலக்கும் இடம் அடுப்படியா ஆலையா என்பது இரண்டாம்பட்சம்.

ஆலையில் செய்தால் ஆபத்தில்லையே என்பார்கள். 1930களில் பிரான்சில் விற்ற தோ-ராதியா முகக்கிரீம் ஆலைத் தயாரிப்புதான்; அதில் ரேடியமும் தோரியமும் கலந்திருந்தன. அன்று அதைச் சோதித்துப் பார்க்கும்படி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இன்று நிலைமை மாறியிருப்பது உண்மை. ஆனால் அந்த மாற்றம் சோதனையால் வந்தது. வைட்டமின் சி சீரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஷெல்டன் பின்னெல் குழு 2001இல் வெளியிட்ட ஆய்வின்படி, அஸ்கார்பிக் அமிலம் தோலுக்குள் இறங்க பி.எச். 3.5க்குக் கீழே இருக்க வேண்டும். 20 சதவீதத்துக்கு மேல் சேர்த்துப் பயனில்லை. 2005இல், 15 சதவீத வைட்டமின் சி, 1 சதவீத வைட்டமின் ஈ கரைசலில் அரை சதவீதம் ஃபெருலிக் அமிலம் சேர்த்தால் அது நிலைத்து நிற்பதையும் அக்குழு காட்டியது. பொடியும் சிறு தராசும் பி.எச். தாளும் கைக்கு எட்டும் விலையில் கிடைப்பதால், இந்த அளவுகளை வீட்டிலும் பிடிக்கலாம். கரைசல் பழுப்பேறினால் கெட்டுவிட்டது என்று கண்ணே சொல்லிவிடும்.

கிருமி கண்ணுக்குத் தெரியாதே என்ற மறுப்பு வலுவானது. பி.எச். தாளும் அதைக் காட்டாது. ஆகவே சில நாளுக்கு வேண்டியதை மட்டும் கலந்து குளிர்பெட்டியில் வைப்பதே முறை. ரெட்டினாயிக் அமிலத்தின் கதை வேறு. வெயிலால் முதிர்ந்த தோலை அது சீராக்குவதை 1986இல் ஆல்பர்ட் கிளிக்மன் குழு எழுதியது. அதன் வீரியமோ நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான அளவில் இருக்கிறது. ஒளி பட்டாலே சிதையும். கூடிப்போனால் தோல் எரிந்து உரியும். கூடியதா குறைந்ததா என்று நாவும் சொல்லாது, கண்ணும் சொல்லாது, தாளும் சொல்லாது. அதை மருத்துவர் சீட்டோடு மருந்துக்கடையில் வாங்குவதே சரி.