காரில் சப் ஊஃபர் மாட்டப் போறீங்களா? ஒரு சின்ன ஃபியூஸில் கோட்டை விட்டால் பெரிய ஆபத்து!

காரில் பாட்டு போட்டால் குரல் தெளிவாகக் கேட்கும். ஆனால், நெஞ்சில் வந்து மோதும் அந்த 'தும் தும்' மட்டும் வராது. கதவில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர்களால் மிகத் தாழ்ந்த ஒலியைச் சரியாகக் கொடுக்க முடியாது என்பதே காரணம். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் பலர் பவர்டு சப் ஊஃபர் வாங்குகிறார்கள். வாங்குவது ஈஸி. மாட்டுவதில்தான் விஷயமே இருக்கிறது.

பவர்டு சப் ஊஃபர் என்றால் என்ன?

சாதாரண சப் ஊஃபருக்கு ஆம்ப்ளிஃபையர் தனியாக வாங்க வேண்டும். பவர்டு வகையில் ஸ்பீக்கர், பெட்டி, ஆம்ப்ளிஃபையர் மூன்றும் ஒன்றாகவே வரும். சீட்டுக்கு அடியில் வைக்கும் அளவுக்கு ஒல்லியான மாடல்களும் உண்டு. டிக்கி இடம் போகாது என்பதால் சின்ன கார் வைத்திருப்பவர்களுக்கு இது வசதி.

வாங்கும்போது அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் 'பீக்' வாட்ஸைப் பார்த்து ஏமாறாதீங்க. தொடர்ந்து தாங்கும் திறனைச் சொல்வது 'ஆர்.எம்.எஸ்.' வாட்ஸ்தான்.

ஸ்டீரியோ வயரில் இருந்தே கரண்ட் எடுக்கலாமா?

கூடாது. 150 வாட்ஸ் சப் ஊஃபரை எடுத்துக்கொள்வோம். 150-ஐ 12 வோல்ட்டால் வகுத்தால் 12.5 ஆம்பியர். ஆம்ப்ளிஃபையரில் வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் முழு சத்தத்தில் 15 ஆம்பியரைத் தொட்டுவிடும். ஸ்டீரியோவுக்கு வரும் மெல்லிய வயர் இந்தச் சுமைக்காகப் போடப்பட்டதல்ல. எனவே பேட்டரியின் பாசிட்டிவில் இருந்து தனி வயர் இழுக்க வேண்டும். சுத்தமான செம்பு வயரா, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டாவது வகை விலை குறைவு. ஆனால் அதே தடிமனில் குறைந்த கரண்ட்டைத்தான் தாங்கும்.

ஃபியூஸ் எங்கே இருக்க வேண்டும்?

பலர் சறுக்குவது இங்கேதான். 'சப் ஊஃபரிலேயே ஃபியூஸ் இருக்கே, இன்னொன்று எதுக்கு?' என்று விட்டுவிடுகிறார்கள். அந்த ஃபியூஸ் சப் ஊஃபரை மட்டும்தான் காக்கும். பேட்டரியில் இருந்து சீட் வரை ஓடும் வயரைக் காக்காது.

அந்த வயர் இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள இரும்புத் தகட்டின் ஓட்டை வழியாகத்தான் வருகிறது. அதிர்விலோ எலி கடித்தோ மேலுறை கிழிந்து, வயர் பாடியில் பட்டால் நேரடி ஷார்ட்தான். காரின் பாடி முழுவதும் நெகட்டிவ் ஆச்சே! நொடிகளில் பல நூறு ஆம்பியர் பாய்ந்து வயர் பழுக்கும், தீப்பிடிக்கலாம்.

அதனால் பேட்டரியில் இருந்து 18 அங்குலத்துக்குள் (சுமார் 45 செ.மீ.) ஒரு ஃபியூஸ் கட்டாயம். எத்தனை ஆம்பியர் என்பதை சப் ஊஃபரின் கையேடு சொல்லும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று பெரிய ஃபியூஸ் மாட்டுவது பாதுகாப்பையே கழற்றி வைப்பதற்குச் சமம். தகட்டு ஓட்டையில் ரப்பர் புஷ், வயர் மேல் ஸ்லீவ் இரண்டும் வேண்டும்.

மற்ற இணைப்புகள்

* எர்த்: பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். வயர் குட்டையாக, பவர் வயர் அளவு தடிமனாக இருக்கணும்.

* ரிமோட் வயர்: ஸ்டீரியோ ஆன் ஆனால் மட்டும் சப் ஊஃபரை எழுப்பும் வயர் இது. இதை நேரடி பேட்டரி சப்ளையில் சேர்த்துவிட்டால், காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.

* சிக்னல்: ஆர்.சி.ஏ. கேபிளை ஒரு பக்கம், பவர் வயரை மறுபக்கம் கொண்டுபோனால் இரைச்சல் குறையும். கம்பெனி ஸ்டீரியோவில் ஆர்.சி.ஏ. இல்லையென்றால், ஸ்பீக்கர் வயரில் இருந்தே சிக்னல் எடுக்கும் 'ஹை லெவல் இன்புட்' உள்ள மாடலை வாங்கலாம்.

ஏர்பேக் ஜாக்கிரதை!

சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கப்ளர் தெரிந்தால், பெரும்பாலும் அது ஏர்பேக் அல்லது சீட் பெல்ட் வயரிங். அதைத் தொடவே கூடாது. சீட் முன்னும் பின்னும் நகரும்போது எந்த வயரும் நசுங்கக் கூடாது. வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். எலக்ட்ரிக் கார் என்றால் ஆரஞ்சு நிற கேபிள்கள் பக்கமே போகக் கூடாது. அவை உயர் மின்னழுத்தம்.

மாட்டியாச்சு, அடுத்து?

லோ பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸ் அருகே வையுங்கள். கெயினைக் குறைவில் தொடங்கி, மற்ற ஸ்பீக்கர்களோடு ஒட்டும் வரை மெதுவாக ஏற்றுங்கள். ஃபேஸ் சுவிட்சை 0, 180 இரண்டிலும் வைத்துக் கேட்டு, எதில் பாஸ் நிறைவாக இருக்கிறதோ அதில் விடலாம். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க 'ஙொய்' என்ற சத்தம் ஏறினால், முதலில் எர்த்தைச் சரிபாருங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு நெடுநேரம் பாட்டு கேட்டால் பேட்டரி இறங்கிவிடும்.

கடையில் கொடுத்து மாட்டினாலும், வண்டியை எடுக்கும் முன் பானெட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கம்பெனி வயரை வெட்டினீர்களா என்றும் கேளுங்கள். வெட்டியிருந்தால் பின்னால் வாரன்டி கேட்கும்போது சிக்கல் வரலாம். பேட்டரி பக்கத்தில் ஃபியூஸ் கண்ணில் படவில்லையா? அதை மாட்டிய பிறகே சாவியை வாங்குங்கள்.