கல்வியாளர் வருகை விசா (பிரிட்டன்)

பிற நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பணிபுரிவோர் குறுகிய காலக் கல்விப் பணிக்காகப் பிரிட்டன் செல்லப் பெறும் அனுமதி. இது தனி விசா அன்று. பொதுப் பார்வையாளர் விசாவில் அடங்கும். வழக்கமான கால வரம்பு 6 மாதம். தம் துறையில் உயர் தகுதி பெற்றோர் சொந்த ஆய்வு, முறையான கல்விப் பரிமாற்றம் ஆகியவற்றுக்காக 12 மாதம் வரை தங்கலாம். அப்போது இந்தியா உள்ளிட்ட நாடுகளில் வசிப்போர் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் காட்ட வேண்டும். பல்கலைக்கழகத்தின் நிரந்தரப் பணியிடத்தை நிரப்பக் கூடாது. பயணத்துக்கு முன்பே உறுதிசெய்யப்பட்ட, ஊதியம் பெறும் விரிவுரை, தேர்வாளர் பணி போன்றவற்றை நாட்டுக்குள் நுழைந்த 30 நாளுக்குள் முடிக்க வேண்டும். இவற்றுக்கென இருந்த தனி விசா 2024 ஜனவரி 31இல் பொது விசாவுடன் இணைக்கப்பட்டது. பாதுகாப்பு நோக்கில் கவனத்துக்குரியவையாகக் கருதப்படும் அறிவியல், பொறியியல் துறைகளில் ஆய்வைத் தொடங்குமுன், விலக்குப் பெற்ற நாட்டவர் நீங்கலாக மற்றவர்கள் கல்வித் தொழில்நுட்ப ஒப்புதல் சான்றும் பெற வேண்டும். அழைப்புக் கடிதம் கிடைத்ததுமே கவனிக்க வேண்டிய நிபந்தனை இது.