தெற்கே விழுந்த நிழல்

ஆடி முதல் தேதிக்கு நேரே ‘தட்சிணாயன புண்ணிய காலம்’ என்று பஞ்சாங்கங்களில் அச்சிட்டிருப்பதை நண்பர்கள் கவனித்திருக்கக்கூடும். வடக்கு நோக்கிச் சென்ற கதிரவன் தன் எல்லையைத் தொட்டுத் தெற்கே திரும்பும் நாள் என்பது பொருள். வகுப்பறையில் பல ஆண்டுகளாக இதை நான் அப்படியே சொல்லி வந்திருக்கிறேன். அது பிழை என்று உணர்த்தியவர்கள், மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகளும் அவள் தம்பியும்.

என் மனைவியின் ஊர் கரூர்ப் பக்கம். சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் வட்டாரங்களில் ஆடி முதல் நாளன்று தேங்காய் சுடுவார்கள். நாரை நீக்கி, ஓட்டைத் தரையில் தேய்த்து வழவழப்பாக்கி, கண்ணைத் துளைத்து, நீரில் ஒரு பங்கை வடித்துவிட்டு, பச்சைப்பயறு, எள், பொட்டுக்கடலை, அவல், வெல்லம் ஆகியவற்றைத் திணித்து, நீண்ட குச்சியைச் செருகித் தீயில் வாட்டுவது வழக்கம். பெரியவர்கள் அருகில் நிற்பார்கள். குச்சியைப் பிடிப்பவர்கள் பிள்ளைகள். சுட்டதைப் பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்து உண்பார்கள். பாரதப்போர் ஆடி முதல் நாள் தொடங்கிப் பதினெட்டாம் நாள் முடிந்ததன் நினைவு இது என்று கதையும் உண்டு.

அயனம் மாறும் நாள், தீ, குழந்தைகள்: இம்மூன்றையும் சேர்த்துப் பார்க்கையில் ஐரோப்பியரின் நடுக்கோடை நெருப்பு நினைவுக்கு வராமல் இராது. அங்கே கிறித்துவத்துக்கு முந்தைய கோடைக் கொண்டாட்டங்கள் ஜூன் 24-ஆம் நாளின் புனித யோவான் திருநாளோடு கலந்துவிட்டன. (ஒற்றுமையைக் கண்டவுடன் ‘அனைத்தும் இங்கிருந்தே சென்றன’ என்று முடிவு கட்டுவோர் நம்மிடையே உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தீயும் வெயிலும் எல்லோருக்கும் பொது.) உண்மையான கதிர்த்திருப்பம் ஜூன் 21-ஐ ஒட்டியே நிகழ்கிறது என்பதால், அவர்கள் திருநாளும் சூரியனுக்கு மூன்று நாள் பிந்தியதுதான்.

சென்ற ஆண்டு ஜூன் 21 அன்று, கோவில்பட்டியில் எங்கள் மொட்டைமாடியில் ஒரு மீட்டர்க் கம்பை நிறுத்தினோம். விடாமல் அடிக்கும் காற்றில் அதை நேரே நிற்கவைப்பதே பெரும்பாடு. மேகம் விலகும்போதெல்லாம் பிள்ளைகள் நிழலின் நுனியில் சுண்ணக்கட்டியால் கோடிட்டார்கள். பிற்பகல் 12.20 அளவில் நிழல் மிகக் குறுகியது. 25 செ.மீ. அதுவும் தெற்கு நோக்கி! நண்பகல் நிழல் வடக்கே விழும் என்றே எண்ணியிருந்த சிறுவன், கம்பைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தான்.

ஆடி முதல் நாளான ஜூலை 17 அன்று மீண்டும் அளந்தோம். 21 செ.மீ.

“அப்பா, இன்னைக்குத்தான் திரும்பும்னு சொன்னீங்க. அது முன்னாடியே திரும்பிருச்சே?” என்றாள் மகள்.

காரணம் நூல்களில் உள்ளதுதான். நான் பொருத்திப் பார்க்கவில்லை. நம் மாதங்கள் விண்மீன்களை அடிப்படையாகக் கொண்டவை. புவியின் அச்சு மெல்லத் தலைசுற்றுவதால், விண்மீன் ஆண்டு பருவ ஆண்டைவிட ஏறத்தாழ 20 நிமிடம் நீண்டிருக்கிறது. எழுபத்திரண்டு ஆண்டுகளுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் மாதப்பிறப்பு பருவத்தினின்றும் விலகிச் செல்கிறது. கி.பி. 285-ஐ ஒட்டி ஆடிப்பிறப்பும் கதிர்த்திருப்பமும் ஒன்றாயிருந்தன. இன்று இடைவெளி சுமார் இருபத்தைந்து நாள். மேகநாத் சாகா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் பரிந்துரைப்படி 1957-இல் நடைமுறைக்கு வந்த தேசிய நாட்காட்டி, ஆஷாட மாதத்தை ஜூன் 22-இல் தொடங்கி இதைச் சரிசெய்தது. அரசிதழில் அந்தத் தேதி அச்சாகிறது. அதைப் பார்த்துத் தேங்காய் சுடுவார் யாருமில்லை.

கரிசல்காட்டில் இந்நாளுக்குப் பெருவிழா ஏதும் அமையாததில் எனக்கு வியப்பில்லை. வடக்கு ஐரோப்பியனுக்குக் கோடை வெளிச்சம் ஒரு வரம். நாமிருப்பது ஒன்பது பாகை அட்சத்தில். மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழியும் மானாவாரிக் கரிசலுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. தென்மேற்குப் பருவமழையை மலை மறித்துக்கொள்ள, இங்கே வந்து சேர்வது காற்று மட்டுமே. வெடித்துக் கிடக்கும் நிலம் விதைக்காகப் புரட்டாசிவரை காத்திருக்கிறது.

மாறாக, ஏப்ரல் 14-ஐ ஒட்டிக் கோவில்பட்டியில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. சித்திரை முதல் நாளில் கம்புக்கு நிழலே இராது. (ஆகஸ்டு இறுதியில் மற்றொரு முறையும் இவ்வாறு நிகழும்.) கி.பி. 285-இல் இதே சித்திரைப் பிறப்பன்று கம்பு 16 செ.மீ. நிழலை வடக்கே வீழ்த்தியிருக்கும். ஆடியைப் பிழையாக்கிய அதே நகர்வு எங்கள் ஊருக்குச் சித்திரையை அளித்திருக்கிறது! நெடுநல்வாடையில், நூலறிந்தோர் இரு கோல்களின் நிழலைப் பார்த்து, அது ஒருபுறமும் சாயாத நண்பகலில் கயிறிட்டு அரண்மனைக்கு மனை வகுக்கும் இடத்தை ஆண்டுதோறும் நடத்துகிறேன். கோல் நட்டுப் பார்க்க மட்டும் தோன்றியதில்லை. நடப்பு வகுப்பில் பிழையை ஒப்புக்கொண்டேன். முன்னர்ப் படித்துச் சென்றவர்களுக்கு எப்படிச் சொல்வது?

தேங்காயை இனி ஜூன் 21-இலேயே சுடலாமா என்று மகள் தொலைபேசியில் தன் அம்மாயியிடம் கேட்டாள். “நோம்பிய நாள் மாத்தக் கூடாது கண்ணு. வேணும்னா அன்னைக்கும் ஒண்ணு சுட்டுக்க” என்று பதில் வந்தது. இவ்வாண்டு இரண்டு நாளும் சுட்டோம். தீப்பெட்டிக்குப் பஞ்சமில்லாத ஊர். எரிக்கப் பருத்திமார் கிடைத்தது. ஜூன் மாதத் தேங்காய் வெடித்து வெல்லம் முழுவதும் சாம்பலில் கொட்டிவிட்டது. ஆடித் தேங்காய் நன்றாக வெந்தது.