இடஞ்சுட்டி விளக்குதல்

தமிழ்ப் பாடத் தேர்வு எழுதியவர்களுக்கு ‘இடஞ்சுட்டி விளக்குக’ என்னும் வினா நினைவிருக்கும். ஒரு தொடரைத் தருவார்கள். அதை யார், யாரிடம், எந்தச் சூழ்நிலையில் கூறினார் என்று எழுதிய பின்னரே பொருளுக்குப் போகவேண்டும். இங்கே ‘இடம்’ ஊரையன்று, பேச்சு எழுந்த தருணத்தைக் குறிக்கிறது. வழக்கம் பழையது. புறநானூற்றில் இன்னாரை இன்னார் பாடியது என்றும், குறுந்தொகையில் தலைவி கூற்று, தோழி கூற்று என்றும் பாடலோடு குறிப்புகள் வருகின்றன. அவற்றை நீக்கிவிட்டால் பல பாடல்களில் பேசுபவர் யாரென்றே தடுமாறுவோம்.

வரலாற்றிலும் இவ்வினைக்கு வேலை உண்டு. பேராக்கில் பால்வெட்டிய முதியவர் ஒருவர், “தோட்டத்தைத் துண்டாடினார்கள், ஈப்போவுக்கு வந்துவிட்டோம்” என்று பேரனிடம் சொல்வதாகக் கொள்வோம். துண்டாடுதல் என்றால் வெட்டுதல் என்கிறது அகராதி. மரங்களை வெட்டினார்கள் போலும் என்று பேரன் நினைப்பான். நடந்தது வேறு. 1957இல் நாடு விடுதலை பெற்றதையொட்டிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கம்பெனிகள் பல தங்கள் ரப்பர்த் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு நிலங்களாகப் பிரித்துப் பலருக்கு விற்றனர். தொழிலாளி குடியிருந்த லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போயிற்று. பிள்ளைகள் படித்த பள்ளியும் அந்தத் தோட்டத்தில்தான் இருந்தது. அந்த ஒற்றைச் சொல்லுக்குள் முதியவர் இத்தனையையும் வைத்துப் பேசுகிறார்.

“பத்து வெள்ளி கட்டினேன்” என்றும் அவர் சொல்லக்கூடும். (தமிழகத்தார் கேட்டால் கிழமையா, உலோகமா என்பார்கள்! நமக்கு வெள்ளி என்றால் பணம்.) எதற்காகக் கட்டினார்? சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், துண்டாடலைக் கண்டு கலங்கி, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். விற்பனைக்கு வரும் தோட்டங்களைத் தொழிலாளரே கூடி வாங்கவேண்டும் என்பது அவர் எண்ணம். தோட்டந்தோட்டமாகச் சென்று, பங்குக்கு முதற்பணமாக 10 வெள்ளி கேட்டார். நாட்கூலி வாங்கியவர்களுக்கு அது சிறு தொகையன்று. ஆயினும் கொடுத்தார்கள், சங்கமும் தோட்டங்களை வாங்கியது.

பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது, அல்லது வீடமைப்புப் பகுதி எழுந்திருக்கிறது. சுட்டிக் காட்ட லயமும் இல்லை. ஆகவே வீட்டு முதியவர்களின் பேச்சைக் குறித்துவைக்கும்போது, தோட்டத்தின் பெயர், துண்டாடிய ஆண்டு, அதன்பின் குடும்பம் சென்ற ஊர் ஆகியவற்றையும் கேட்டு உடனெழுதிக்கொள்வோம்.