சொலிட்டோ நிலையத்தில் இறங்கியவர்கள்

கலிபோர்னியா மாநிலத்தின் நடுப் பள்ளத்தாக்கில், துலேரி மாவட்டத்தின் தென்மேற்குப் பகுதியில், சான்டா ஃபே இருப்புப்பாதையை ஒட்டிச் சொலிட்டோ என்றொரு சிறு நிறுத்தம் இருந்தது. சுற்றிலும் உவர் பூத்த பொட்டல். 1908ஆம் ஆண்டிற்குப் பின் அங்கே குடும்பம் குடும்பமாகக் கறுப்பின மக்கள் வந்து இறங்கினர். தாமே நிலம் வாங்கி, தாமே உழுது, தம் பிள்ளைகளுக்குத் தாமே கற்பித்து, தம்மைத் தாமே ஆண்டுகொள்ளும் ஓர் ஊரை அமைப்பதே அவர்தம் நோக்கம். ஆலன்ஸ்வர்த் எனப் பெயர் பெற்ற அவ்வூர் செழித்திருந்தது ஏறத்தாழப் பத்தாண்டுகளே. எனினும் எழுத்தை நேசிப்போர் அதன் வரலாற்றை அறிந்துகொள்ளத் தனிக் காரணம் உண்டு.

அவ்வூருக்குப் பெயர் தந்த ஆலன் ஆலன்ஸ்வர்த் 1842இல் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் அடிமையாகப் பிறந்தவர். எசமானர் வீட்டுச் சிறுவன் பள்ளிக்கூட விளையாட்டாக அவருக்கு எழுத்துகளைச் சொல்லிக் கொடுத்தான். செய்தி வெளிப்பட்டது. படிக்க முனைந்த குற்றத்திற்காகப் பன்னிரண்டு வயதளவில் அவர் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு வேறிடம் அனுப்பப்பட்டார். பின்னர் விற்கவும் பட்டார். உள்நாட்டுப் போரின்போது தப்பி ஓடி, வடவர் படையில் நோயாளிகளைப் பேணும் பணி செய்து, 1863இல் கடற்படையில் சேர்ந்தார். பின்னாளில் சமயப் போதகரானார். 1886இல், கறுப்பின வீரர்களைக் கொண்ட 24ஆம் காலாட்படையின் மதகுருவாக அமர்ந்தார். அங்கே அவர் பெரிதும் ஈடுபட்டது வீரர்களுக்கு எழுத்தறிவிக்கும் பணியில்தான். 1906இல் ஓய்வு பெற்றபோது அவர் லெப்டினன்ட் கர்னல். அமெரிக்கப் படையில் அந்நிலையை எய்திய முதற் கறுப்பினத்தவர் அவரே.

ஓய்வுக்குப் பின் கலிபோர்னியாவில் குடியேறிய அவர், வில்லியம் பெய்ன் என்னும் ஆசிரியரையும் வேறு சிலரையும் துணைகொண்டு 1908 ஜூனில் குடியேற்றச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். நிலத்தைப் பசிபிக் ஃபார்மிங் கம்பெனி விற்றது. பாசனத்திற்குப் போதிய நீர் தருவதாகவும் வாக்களித்தது. குதிரைமசாலும் தானியமும் விளைந்தன. கோழியும் கால்நடையும் பெருகின. கடைகளும் தங்கும் விடுதியும் எழுந்தன. அக்கம்பக்கத்துப் பண்ணைகளின் சரக்கு இந்த நிலையத்தில்தான் ஏறி இறங்கியது. ஏழு மைல் தொலைவிலுள்ள ஆல்பா என்ற ஊருக்கும் இங்கிருந்தே சரக்கு வண்டிகள் சென்றன. அந்த வண்டிக்கூலி ஊருக்கு நல்ல வருவாய். தெருக்களுக்கு விடுதலைப் போராளி சோஜர்னர் ட்ரூத், கவிஞர் பால் லாரன்ஸ் டன்பார் முதலியோரின் பெயர்களைச் சூட்டினர். புழுதித் தெருவுக்குக் கவிஞன் பெயரை வைக்கும் துணிவு எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை!

1912இல் பள்ளிக் கட்டடம் எழுந்தது. அடுத்த ஆண்டில், கர்னலின் மனைவி ஜோசஃபின் தம் தாய் மேரி டிக்கின்சன் நினைவாக ஒரு நூலகம் கட்டித் தந்தார். கர்னல் தம் சொந்த நூல்களை அதற்கு வழங்கினார். ஒரு காலத்தில் எழுத்தைத் தொட்டதற்காக விலை கூறப்பட்ட மனிதரின் புத்தகங்கள் அவை என்பதை நாம் மறக்கலாகாது. 1914இல் அவ்வூர் தனி நீதி வட்டமாகவும் ஆயிற்று. ஆஸ்கர் ஓவர் அமைதி நீதிபதியாக அமர்ந்தார்.

அதே 1914ஆம் ஆண்டில்தான் ஊரின் வேர்கள் அறுபடலாயின. சான்டா ஃபே நிறுவனம் ஆல்பாவுக்குத் தனிக் கிளைப்பாதை அமைத்தது. சரக்கு அங்கே நேராகப் போகவே, வண்டிக்கூலியும் வணிகமும் ஒருசேரக் கைவிட்டுப் போயின. அந்நிறுவனம் முன்பிருந்தே கறுப்பினத்தவரை நிலைய மேலாளராகவோ பயணச்சீட்டு எழுத்தராகவோ அமர்த்த மறுத்து வந்தது. அதாவது, அவர்களுடைய ஊரிலேயே, அவர்கள் சீட்டு வாங்கும் சாளரத்தின் உட்புறம் அவர்களுக்கு இடமில்லை. நீரின் கதையும் இதுவே. வாக்களித்த அளவு நீர் கிடைக்கவில்லை. சச்சரவுகளுக்குப் பின் நீர்க் கம்பெனியின் பொறுப்பு ஊராருக்கு வந்தபோது, பழுதுபட்ட இயந்திரங்களும் வரிச் சுமையும் உடன் வந்தன. நிலத்தடி நீர் தாழ்ந்தது, உவர் ஏறியது.

அவ்வாண்டு செப்டம்பர் 14 அன்று, மன்ரோவியா நகரில் சமயச் சொற்பொழிவு ஆற்றச் சென்ற கர்னல் மோட்டார் சைக்கிள் மோதி உயிரிழந்தார். தலைவன் மறைந்தான், ஊர் அழிந்தது என்று கதையைச் சுருக்கிச் சொல்லும் வழக்கம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் மறைந்த பின்னும் ஊரார் சோர்ந்துவிடவில்லை. தொழிற்பள்ளி ஒன்றை அங்கே நிறுவ வேண்டுமென மாநிலச் சட்டமன்றத்தை அணுகினர். 1915இல் அம்முயற்சி தோற்றது. நகரங்களில் வாழ்ந்த கறுப்பினத் தலைவர் சிலரே, அப்பள்ளி இன ஒதுக்கலுக்கு வழிகோலும் என அஞ்சி எதிர்த்தனர். இருசாராரிடமும் நியாயம் இருந்தது. ஆனால் விளைவைச் சுமந்தது இந்தச் சிற்றூர் மட்டுமே. தலைவரின் இடத்தை நிரப்ப ஆள் இருந்தனர்; தண்டவாளத்தையும் தண்ணீரையும் மீட்கத்தான் அவர்களிடம் வழியில்லை.

பிறகு இளைஞர் வேலை தேடி ஓக்லாந்துக்கும் லாஸ் ஏஞ்சலிசுக்கும் சென்றனர். 1966இல் குடிநீரில் ஆர்சனிக் நஞ்சு கலந்திருப்பது தெரியவர, எஞ்சிய வீடுகளையும் இடித்துவிடும் பேச்சு எழுந்தது. சிறுவயதில் அங்கு வாழ்ந்து, பின்னர் மாநிலப் பூங்காத் துறையில் வரைபடக் கலைஞராயிருந்த எட் போப் என்பவர் விடாது முயன்றதன் பயனாக, 1970களின் நடுவில் அவ்விடம் மாநில வரலாற்றுப் பூங்காவாயிற்று. பள்ளி, நூலகம், கர்னலின் இல்லம் முதலியன இன்று பழைய வடிவில் நிற்கின்றன. பள்ளிக்கூடம் 1972 வரை நடந்தது. வணிகம் போய், விளைச்சல் போய், பெரும்பாலோர் வெளியேறிய பின்னும் அதன் மணி அடித்துக்கொண்டிருந்தது.

பூங்காவை அடுத்து இன்றும் சில நூறு பேர் வாழ்கின்றனர். அவர்களிற் பெரும்பாலோர் ஸ்பானிய மொழி பேசுவோர். பாசனத்திற்காக ஆறுகளைத் திருப்பியதால் வற்றிப்போயிருந்த துலேரி ஏரி 2023ஆம் ஆண்டு வெள்ளத்தில் மீண்டும் தலைகாட்டியது. நீருக்காக ஏங்கிய அந்நிலத்தில், நீர் புகாதபடி ஊரார் மண் கொட்டிக் கரை கட்டினர்.